சாய்ந்த மோனோஸ்பேஸ் எழுத்துரு: 12 பாகை சாய்த்துவிட்டால் வேலை முடிந்ததா?

#1 சதுரக்கட்டம்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக ஓய்வு நேரத்தில் ஒரு மோனோஸ்பேஸ் எழுத்துரு, அதாவது எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ளது, வரைந்து வருகிறேன். ஆங்கில எழுத்துகள் மட்டும்தான், செரிஃப் (கோட்டு முனையில் ஒட்டும் சின்னக் கால்) இல்லாதது. கணினி நிரல் எழுதவும், கையேடுகளில் கட்டளைகளைக் காட்டவும் பயன்பட வேண்டும் என்பது எண்ணம். நிமிர்ந்த வடிவம் ஓரளவு திருப்தியாக வந்துவிட்டது. எழுத்தை வரையும் எம் சதுரம் 1000 அலகு. ஒவ்வொரு எழுத்துக்கும் 600 அலகு அகலத்தில் ஒரு கட்டம். பெரிய எழுத்தின் உயரம் 700, சின்ன எழுத்தின் உயரம் 520.

இப்போது அதற்கு ஒரு சாய்ந்த துணை வேண்டும். மென்பொருளில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 12 பாகை சாய்த்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் அச்செடுத்துப் பார்த்தபோது மனசு ஒப்பவில்லை. வட்டமான எழுத்துகள் கசங்கிக் கிடக்கின்றன. சாய்ந்த சொல் வரும் இடத்தில் மட்டும் வரியே வலப்பக்கம் நகர்ந்த மாதிரி இருக்கிறது. அப்புறம் | எது, / எது என்று ஒரு கணம் தடுமாற வேண்டியிருக்கிறது.

இதைக் கையால் திருத்தி எடுக்க முடியுமா, இல்லை முதலிலிருந்து இத்தாலிக் என்றே தனியாக வரைய வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 வளைகோடு

திருத்தி எடுக்கலாம். ஆனால் எது கெட்டுப்போனது என்று தெரிந்து திருத்த வேண்டும்.

மென்பொருள் செய்கிற சாய்ப்பு, அடுக்கி வைத்த புத்தகங்களைப் பக்கவாட்டில் தள்ளுவது மாதிரி. ஒவ்வொரு புத்தகத்தின் அகலமும் மாறாது, அடுக்கின் உயரமும் மாறாது. இதனால் கோட்டின் கிடைமட்ட அகலம் அப்படியே இருக்கும். நம் கண்ணோ தடிமனைக் கோட்டுக்குக் குறுக்கே அளந்து பார்க்கும். அந்த அளவு மாறிவிடும். நேராக நின்ற கோடு 12 பாகை சாய்ந்தால் சுமார் 2 சதவீதம் மெலியும். அது பெரிய விஷயமில்லை. வளைவுகளில்தான் தொல்லை. வட்டத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 1, 2 மணி இருக்கும் இடமும் 7, 8 மணி இருக்கும் இடமும் தடித்துவிடும். 10, 11 மணிப் பக்கமும் 4, 5 மணிப் பக்கமும் மெலிந்துவிடும். நீங்கள் கசங்கல் என்று சொல்வது இதைத்தான்.

குறுக்குக் கோடுகளிலும் இதே கதை. பெரிய வி எழுத்தை எடுங்கள். இடது கை நிமிர்ந்து தடிக்கும், வலது கை படுத்து மெலியும். எக்ஸ், டபிள்யூ, கே எல்லாம் இப்படித்தான். ஒவ்வொன்றையும் திறந்து தடிமனைக் கையால் சமன்செய்ய வேண்டியதுதான், குறுக்குவழி இல்லை. வட்ட எழுத்துகளுக்கு மட்டும் எனக்குப் பழகிய ஒரு வழி உண்டு. சாய்ப்பதற்கு முன் வளைவைக் கொஞ்சம் சுழற்றிவிட்டு, அப்புறம் சாய்ப்பேன். முக்கால்வாசிக் கசங்கல் அதிலேயே போய்விடும். மீதி கை வேலை.

வரி நகர்ந்த மாதிரி இருப்பதற்குக் காரணம் வேறு. எழுத்துகள் நிற்கும் கோட்டை அசையாத அச்சாக வைத்துச் சாய்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் 520 அலகு உயரத்தில் உள்ள தலை 110 அலகு வலப்பக்கம் போய்விடும், கால் அங்கேயே நிற்கும். மொத்தத்தில் எழுத்து கட்டத்தின் நடுவை விட்டு விலகிவிடும். சின்ன எழுத்தின் பாதி உயரம், அதாவது 260-ஐ அச்சாக வையுங்கள். அல்லது சாய்த்த பிறகு எல்லாவற்றையும் 55 அலகு இடப்பக்கம் தள்ளுங்கள். இரண்டும் ஒன்றுதான்.

சாதாரண எழுத்துருவில் இந்த 55 அலகை இடைவெளியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். மோனோஸ்பேஸில் கட்டத்தின் அகலத்தைத் தொடவே முடியாது. அதனால்தான் இங்கே சாய்ப்பது கடினமான வேலை.

#3 புதுக்கிளை

அக்கா, நான் இரண்டாம் ஆண்டு மாணவி. நிரல் எழுதும் எடிட்டரில் தினமும் கமெண்ட் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) சாய்ந்த எழுத்தில் தெரிவதைப் பார்க்கிறேன். சில எழுத்துருவுக்கு 'இத்தாலிக்' என்றும் சிலவற்றுக்கு 'ஒப்லிக்' என்றும் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

#4 வளைகோடு

ஒன்றில்லை, ஆனால் எல்லோரும் ஒன்றாகவே புழங்குகிறோம்.

இத்தாலிக் முதலில் ஒரு கையெழுத்துப் பாணி. வெனிஸில் அல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ அச்சு வெட்டிக் கொடுத்தார். 1501-இல் வெர்ஜிலின் கவிதைகள் முழுக்க அந்த எழுத்தில் அச்சாயின. வேகமாக எழுதுகிற கையின் ஓட்டம் அதில் இருக்கும். சின்ன ஏ (a) மேல் வளைவு போய் ஒற்றை அறையாக மாறும், எஃப் (f) எழுத்துகள் நிற்கும் கோட்டுக்குக் கீழே வால் நீட்டும், இ (e) வடிவம் வேறாகும். சாய்வு அந்த ஓட்டத்தோடு வந்த பக்கவிளைவு மட்டும்தான்.

ஒப்லிக் அல்லது ஸ்லாண்டட் என்பது நிமிர்ந்த எழுத்தே சாய்ந்து நிற்பது. எலும்புக்கூடு மாறாது. ஏ இரண்டு அறையோடுதான் இருக்கும். செரிஃப் இல்லாத எழுத்துருக்களில் இதுதான் நெடுங்கால வழக்கம். 1985-இல் ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி வந்தபோது ஹெல்வெட்டிகா, கூரியர் என்ற எழுத்துருக்கள் உள்ளே இருந்தன. இரண்டின் சாய்ந்த வடிவத்துக்கும் ஒப்லிக் என்றே பெயர், இரண்டும் 12 பாகை. பிறகு பிடிஎஃப்-இன் 14 அடிப்படை எழுத்துருக்களிலும் அவை அப்படியே சேர்ந்தன. சதுரக்கட்டம் யோசிக்காமலே 12 என்று போட்டாரே, அந்த எண் இப்படித்தான் நம் எல்லோருக்கும் பழகிப்போனது.

#5 பழைய ரிப்பன்

இந்த இழையைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் முப்பது வருடம் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியவன்.

எங்கள் இயந்திரங்களில் சாய்ந்த எழுத்து கிடையாது. ஒரு விசையை அடித்தால் தாளைத் தாங்கும் வண்டி ஒரே அளவுதான் நகரும். ஐ அடித்தாலும் எம் அடித்தாலும் அதே நகர்வு. பைக்கா என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் என்றால் 12. ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமென்றால் பேக்ஸ்பேஸில் பின்னால் வந்து அடிக்கோடு போடுவோம். அச்சகத்துக்குப் போகிற கையெழுத்துப் பிரதியில் அடிக்கோடு இருந்தால் அச்சுக்கோப்பவர் அதை இத்தாலிக்காகக் கோத்துவிடுவார். அடிக்கோட்டுக்கு அதுதான் பொருள்.

1961-இல் ஐபிஎம் செலக்ட்ரிக் கொண்டுவந்தது. எழுத்துகள் எல்லாம் கோல்ஃப் பந்து அளவிலான ஒரு உருண்டையில் இருக்கும், மொத்தம் 88. உருண்டை சுழன்றும் சாய்ந்தும் வந்து தாளில் அடிக்கும். வண்டி நகராது, உருண்டைதான் நகரும். இதில் பெரிய விஷயம் என்னவென்றால் உருண்டையைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். சாய்ந்த எழுத்துக்கென்றே தனி உருண்டை உண்டு. ஒரு சொல்லுக்காகக் கழற்றி, மாட்டி, அடித்து, மறுபடி கழற்றிப் பழையதை மாட்ட வேண்டும். நான் அந்த இயந்திரத்தில் சில மாதங்கள்தான் வேலை பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஆறு இடத்தில் சாய்ந்த சொல் வந்தால் பன்னிரண்டு முறை உருண்டை மாற்ற வேண்டும். அதனால் பெரும்பாலும் அடிக்கோட்டோடு நிறுத்திக்கொள்வோம்.

நீங்கள் பேசுகிற செரிஃப் இல்லாத வகையும் அந்த இயந்திரத்தோடு சேர்ந்ததுதான். லெட்டர் காத்திக் என்று பெயர். கெண்டக்கியில் லெக்சிங்டன் ஊரில் இருந்த ஐபிஎம் ஆலையில் ரோஜர் ராபர்சன் என்பவர் 1956-க்கும் 1962-க்கும் இடையில் வரைந்தது. பட்டியல், கணக்கு, அட்டவணை அடிக்க அதைப் போல எதுவும் இல்லை. மெல்லிய கோடு, எண்கள் ஒன்றின் கீழ் ஒன்று சுத்தமாக நிற்கும்.

#6 டெர்மினல்வாசி

ஐயா, அருமை. நீங்கள் சொன்ன பேக்ஸ்பேஸ் அடிக்கோட்டுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கையேடுகளை வடிவமைக்கும் பழைய நிரலான என்ராஃப், கையேட்டில் இத்தாலிக் வர வேண்டிய இடத்தில் இதையேதான் செய்தது: ஒரு அடிக்கோடு, ஒரு பேக்ஸ்பேஸ், அதன் மேல் எழுத்து. கோப்பில் இந்த மூன்றும் வரிசையாகவே இருக்கும். இன்றைக்கும் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால், சாய்ந்து வர வேண்டிய சொற்கள் பல இடங்களில் அடிக்கோட்டோடு தெரியும். தட்டச்சு இயந்திரம் இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது.

#7 வளைகோடு

லெட்டர் காத்திக் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதன் முதல் வடிவத்தில் கோட்டின் முனைகள் கொஞ்சம் விரிந்திருக்கும். ஹெர்மன் சாஃப் வரைந்த ஆப்டிமா எழுத்துருவைப் பார்த்து எடுத்துக்கொண்டது அது. பிற்பாடு கணினிக்கு வந்தபோது அடோபி அதற்கு ஸ்லாண்டட், போல்ட் ஸ்லாண்டட் என்று இரண்டு துணைகளையும் சேர்த்தே வெளியிட்டது. பெயரிலேயே நேர்மை இருக்கிறது, பாருங்கள். இத்தாலிக் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சதுரக்கட்டம், முடிந்தால் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மெல்லிய கோடு என்பதால் சாய்க்கும்போது வளைவில் வரும் தடிமன் வேறுபாடு கண்ணில் அதிகம் படாது. உங்கள் எழுத்துரு கொஞ்சம் கனமானது என்று நினைக்கிறேன். கனம் கூடக் கூடக் கோளாறு பெரிதாகத் தெரியும்.

#8 கையேட்டுக்காரி

வடிவமைப்பு எனக்குத் தெரியாது. ஆனால் சாய்ந்த மோனோஸ்பேஸ் இல்லாவிட்டால் என் வேலை நடக்காது, அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில்நுட்பக் கையேடு எழுதுபவள். ஒரு கட்டளையை அச்சில் காட்டும்போது அதில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கும். ஒன்று, அப்படியே தட்ட வேண்டியது. மற்றது, படிப்பவர் தன்னுடையதைப் போட வேண்டிய இடம்: கோப்பின் பெயர், கடவுச்சொல், முகவரி. ஓரைலி பதிப்பகத்தின் கணினிப் புத்தகங்களில் முன்னுரையில் ஒரு சின்னப் பகுதி வரும், பார்த்திருப்பீர்கள். சாய்ந்த சம அகல எழுத்தில் உள்ளதை உங்கள் மதிப்பால் மாற்றிக்கொள்ளவும் என்று அதில் இருக்கும். அந்த ஒரு வரிக்குத்தான் நான் இந்த எழுத்தை நம்பியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு நிறுவனத்துக்குச் செய்த கையேட்டில், அவர்கள் கொடுத்த எழுத்துருவில் சாய்ந்த வடிவமே இல்லை. அச்சுக்குப் போகும் வழியில் எல்லாம் நிமிர்ந்துவிட்டது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் 'உங்கள்-கோப்பு' என்று இருந்ததை எழுத்து பிசகாமல் அப்படியே தட்டி, பிழை வருகிறதே என்று அரை நாள் தவித்தார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. இது மாற்ற வேண்டிய சொல் என்று பக்கத்தில் எங்கும் அடையாளம் இல்லையே.

கோண அடைப்புக்குறி போடலாமே என்பார்கள். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் அந்தக் குறிக்கே தனிப் பொருள் உண்டு. நிறம் போடலாம் என்றால், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் போய்விடும். சாய்வு மட்டும்தான் எங்கே போனாலும் கூடவே வரும்.

#9 டெர்மினல்வாசி

அப்படியென்றால் சாய்வு பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால்தான் ஒப்லிக்கை விட இத்தாலிக் மேல் என்கிறேன். 2016-இல் ஹோஃப்லர் நிறுவனம் ஆப்பரேட்டர் மோனோ என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தபோது அதன் சுருளெழுத்து மாதிரியான இத்தாலிக்கைப் பார்த்துப் பலர் மயங்கினார்கள். நானும்தான். கமெண்ட் எது, நிரல் எது என்று அறையின் அந்தப் பக்கமிருந்தே தெரியும். வெறுமனே சாய்ந்த எழுத்தில் அந்த வேறுபாடு கிடைக்காது. மோனோஸ்பேஸ் பார்க்க இறுக்கமானது, அதில் கொஞ்சம் கை ஓட்டம் வந்தால் கண்ணுக்கும் இதம்.

#10 கையேட்டுக்காரி

கமெண்டுக்குச் சரி. என் வேலைக்கு அது சரிவராது. கட்டளையின் நடுவில் வரும் ஒரே ஒரு சொல் சுருளெழுத்தில் இருந்தால், அது கட்டளையின் பகுதி இல்லை, யாரோ ஓரத்தில் எழுதிய குறிப்பு என்று தோன்றும். மாற்ற வேண்டிய சொல்லும் கட்டளையின் உறுப்புதான். அதே குடும்பத்தில் இருக்க வேண்டும், கொஞ்சம் தலை சாய்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

#11 வளைகோடு

இந்த இடத்தில் நான் கையேட்டுக்காரி பக்கம்.

டெர்மினல்வாசி சொல்கிற இதம் எனக்குப் புரிகிறது. ஆனால் மோனோஸ்பேஸில் சுருளெழுத்துக்குக் கொடுக்கிற விலையைப் பாருங்கள். ஏ ஒற்றை அறையாக மாறியதும் ஓ-வுக்கும் (o) டி-க்கும் (d) நெருங்கிவிடும். சின்ன அளவில், சுமாரான திரையில், இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது ஒரு மெல்லிய கோடுதான். ஐ, எல், ஆர் போன்ற ஒல்லி எழுத்துகளுக்கு ஏற்கெனவே 600 அலகுக் கட்டத்தை நிரப்பக் கால்கள் ஒட்டவைத்திருக்கிறோம். செரிஃப் இல்லாத எழுத்துரு என்று சொன்னாலும் இந்த மூன்றுக்கும் செரிஃப் மாதிரி ஒன்று இருந்தே தீரும். இத்தாலிக்கில் அந்தக் கால்களை எடுத்துவிட்டு வால் போட வேண்டும். வால் போட்ட எல்லும் வால் போட்ட ஐயும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி ஆகிவிடும். நிரல் என்பது ஒரு எழுத்து மாறினால் ஓடாமல் நின்றுவிடுகிற எழுத்து. அங்கே அழகு இரண்டாவதுதான்.

படிப்பவர்களைப் பற்றியும் நினைக்க வேண்டும். 2013-இல் லூஸ் ரெல்லோவும் ரிக்கார்டோ பாயேஸா-யேட்ஸும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ள 48 பேரை வைத்துக் கண் அசைவை அளந்தார்கள். செரிஃப் இல்லாததும் மோனோஸ்பேஸும் நிமிர்ந்ததும் வாசிப்புக்கு உதவின, இத்தாலிக் அதைக் குறைத்தது. அதற்காகச் சாய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாய்ந்த எழுத்து ஒரு சொல்லுக்கு, மிஞ்சினால் ஒரு வரிக்கு. நாற்பது வரிக் கமெண்டு முழுவதையும் சாய்த்து வைப்பது சிலருக்கு உண்மையிலேயே கடினம்.

#12 டெர்மினல்வாசி

எல் எழுத்தின் வால் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி என் எடிட்டரில் சுருளெழுத்து அப்படியே இருக்கும், எனக்குப் பிடித்திருக்கிறது. :)

#13 சதுரக்கட்டம்

நிறையக் கற்றுக்கொண்டேன், எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வட்ட எழுத்துகளைத் திருத்தினேன். முன்கூட்டியே சுழற்றும் வழி நன்றாக வேலை செய்கிறது. அச்சை 260-க்கு மாற்றியதும் வரி நகரும் கோளாறும் போய்விட்டது.

இப்போது குறிகளில் மாட்டிக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் / குறியின் உயரம் 900, கிடைமட்ட ஓட்டம் 440, அதாவது சுமார் 26 பாகை. 12 பாகை சாய்த்தால் ஓட்டம் 631 ஆகிறது. கட்டமே 600தான், வெளியே துருத்துகிறது, 35 பாகை படுத்துவிடுகிறது. மறுபக்கம் \ குறி நிமிர்ந்து 15 பாகைக்கு வந்துவிடுகிறது. | குறி வலப்பக்கம் 12 பாகை. ஆக \ பார்க்க | மாதிரியும், | பார்க்க / மாதிரியும் ஆகிவிட்டன. ஷெல் கட்டளையில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வரும். இவற்றைச் சாய்க்காமலே விட்டுவிடலாமா?

#14 வளைகோடு

முழுதும் நிமிர்த்திவிட்டால் சாய்ந்த சொல்லுக்குள் அது முள் மாதிரி நிற்கும். முழுதும் சாய்த்தால் நீங்கள் சொன்ன குழப்பம். நடுவில் எங்காவது நில்லுங்கள். | குறிக்கு 4, 5 பாகை போதும். / குறியின் ஓட்டத்தைக் குறைத்துக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். \ குறியை வேண்டுமென்றே படுக்க வையுங்கள், 20 பாகைக்குக் குறையாமல். விதியைப் பார்க்காதீர்கள். மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சுழியத்தின் நடுவில் போடும் கோட்டையும் மறக்காதீர்கள். அது / திசையில் இருந்தால் சாய்த்த பிறகு சுழியத்தின் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி வைத்த சுழியம் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

#15 டெர்மினல்வாசி

டெர்மினலுக்காக இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, கட்டம் வரையும் குறிகள். யூனிகோடில் 2500 முதல் 257எஃப் வரை உள்ளவை. அவற்றைச் சாய்க்கவே சாய்க்காதீர்கள். செங்குத்துக் கோடு சாய்ந்தால் ஒரு வரியின் கோடு முடியும் இடமும் அடுத்த வரியின் கோடு தொடங்கும் இடமும் சேராது. அட்டவணையின் ஓரம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, வலது ஓரம். சில டெர்மினல்கள் ஒவ்வொரு கட்டமாக வரைகின்றன. அடுத்த கட்டத்தை வரையும்போது முந்தைய எழுத்து எட்டிப்பார்த்த பகுதியைத் துடைத்துவிடும். சாய்ந்த எஃப்பின் தலை, பெரிய டி-யின் (T) கை, வலது அடைப்புக்குறியின் மேல்முனை எல்லாம் வெட்டுப்படும். சாய்ந்த சொல் முடிந்து நிமிர்ந்த சொல் தொடங்கும் இடத்தில் இது அசிங்கமாகத் தெரியும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டத்துக்குள் அடக்குங்கள்.

#16 சதுரக்கட்டம்

இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் 12 பாகையே எனக்கு அதிகமோ?

#17 வளைகோடு

அதிகம்தான் என்று நினைக்கிறேன். 2020-இல் வந்த ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ என்ற எழுத்துரு 9 பாகையில் நிற்கிறது. வழக்கமான 11, 12 பாகையை விடக் குறைவாக வைத்தால் கண் அயராது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கணினி அறிஞர் டொனால்ட் கநூத் தன் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக் குடும்பத்தில் சாய்ந்த வடிவத்துக்கு ஆறுக்கு ஒன்று என்ற விகிதம் வைத்தார். ஆறு அலகு மேலே போனால் ஒரு அலகு வலப்பக்கம், அதாவது சுமார் 9.5 பாகை. அந்தக் குடும்பத்தில் தட்டச்சு எழுத்துக்கே இத்தாலிக் தனியாகவும் ஸ்லாண்டட் தனியாகவும் இரண்டும் உண்டு. இரண்டுக்கும் வேலை வேறு என்று அவர் நினைத்திருக்கிறார். செரிஃப் உள்ளவைதான், ஆனாலும் பார்க்க வேண்டியவை.

விகிதமாக யோசிப்பது திரைக்கும் உதவும். நான்குக்கு ஒன்று என்றால் 14 பாகை, ஐந்துக்கு ஒன்று என்றால் 11.3, ஆறுக்கு ஒன்று என்றால் 9.5. பழைய திரைகளில் கோடு ஒவ்வொரு புள்ளியாக ஏறும்போது படிக்கட்டு தெரியும். சின்ன எழுத்தின் உயரம் 7 புள்ளி என்றால், 14 பாகையில் ஒரே படி நடுவில் சரியாக உட்காரலாம், 12 பாகையில் அது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. அடர்த்தியான திரை வந்த பிறகு இந்தக் கவலை குறைந்துவிட்டது. ஆனால் அலுவலகங்களில் பழைய திரைகள் இன்னும் இருக்கின்றன.

#18 புதுக்கிளை

சாய்ந்த வடிவமே இல்லாத எழுத்துருவை வைத்தாலும் என் எடிட்டரில் கமெண்ட் சாய்ந்துதானே வருகிறது? ஃபிரா மோனோவில் பார்த்தேன்.

#19 டெர்மினல்வாசி

அது எடிட்டரே செய்கிற சாய்ப்பு. முதல் பதிவில் சதுரக்கட்டம் அரை நொடியில் செய்த அதே வேலையை ஒவ்வொரு முறையும் செய்கிறது, யாரும் திருத்துவதில்லை. ஃபிரா மோனோவில் சாய்ந்த வடிவம் கிடையாது. உலாவியில், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒப்லிக் என்று மட்டும் எழுதிக் கோணம் சொல்லாவிட்டால் 14 பாகை என்று எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் ஃபான்ட்-சிந்தசிஸ் என்ற பண்பை நிறுத்தி வைக்கலாம்.

வேரியபிள் எழுத்துருவில் (வடிவத்தை நாமே நகர்த்தி மாற்றக்கூடியது) இன்னொரு வழி இருக்கிறது. 2016-இல் எழுத்துருக் கோப்பு வடிவமான ஓப்பன்டைப்பின் 1.8 பதிப்பு வந்தபோது சாய்வுக்கென்றே ஒரு அச்சு வரையறுத்தார்கள். ரிக்கர்சிவ் என்ற எழுத்துருவில் 0 முதல் மைனஸ் 15 வரை நீங்களே நகர்த்திப் பார்க்கலாம். இடஞ்சுழிப் பக்கம் நேர்மதிப்பு என்று வைத்திருப்பதால் வலப்பக்கச் சாய்வுக்கு மைனஸ். முதல்முறை எல்லோரும் தவறாகப் போடுவோம், எழுத்து பின்பக்கம் சாய்ந்து விழும்.

#20 கையேட்டுக்காரி

புதுக்கிளை கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது. கமெண்டைத் தமிழில் எழுதுபவர்கள் நம்மில் இருக்கிறோம். எடிட்டர் அதையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறது. எனக்கு அது படிக்கவே வருவதில்லை. 'ட'வும் 'ப'வும் சரிந்த சுவர் மாதிரி ஆகின்றன. 'ழ', 'ஞ' மாதிரி வளைவு நிறைந்தவை அடையாளமே மாறிவிடுகின்றன.

#21 பழைய ரிப்பன்

அம்மா, அது இயல்புதான். தமிழ் அச்சில் சாய்வுக்கு ஆங்கிலத்தில் இருப்பதைப் போன்ற பழைய மரபு இல்லை. ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட மேற்கோள் போட்டோம், தடித்த எழுத்துப் போட்டோம், எழுத்துகளை இடைவெளி விட்டு அடித்தோம். கையெழுத்திலும் வலப்பக்கம் சாய்த்து எழுதும் பாணி ஒன்று வளர்ந்து, அதிலிருந்து வேறு வடிவங்கள் பிறந்து அச்சுக்கு வரவில்லை.

சம அகலமும் தமிழுக்கு எளிதில்லை. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் 'ர'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்துப் பட்ட பாட்டை விரலால் அறிந்தவன் நான். புள்ளி விசையை அடித்தால் வண்டி நகராமல் நிற்கும், அதன் பிறகு எழுத்தை அடித்தால் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். 'ண' எப்போதும் நெருக்கியடித்துத்தான் நின்றது.

#22 டெர்மினல்வாசி

எடிட்டர் அமைப்பில் கமெண்டின் சாய்வை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் மங்கலாக்கினேன். தமிழ்க் கமெண்டுகளைப் படிக்க இப்போது சிரமமில்லை. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று தெரியவில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் சாய்வு, தமிழுக்கு நிமிர்வு என்று பிரிக்க என் எடிட்டரில் வழி இல்லை.

#23 சதுரக்கட்டம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

கோணத்தை ஆறுக்கு ஒன்று ஆக்கினேன். பெரிய எழுத்தின் தலை இப்போது 117 அலகுதான் நகர்கிறது, முன்பு 149. அச்சை நடுவில் வைத்ததால் எஃப்பும் டி-யும் ஏறக்குறைய கட்டத்துக்குள் அடங்கிவிட்டன. ஏ இரண்டு அறையோடு இருக்கிறது. எல், ஐ இரண்டின் கால்களையும் விட்டுவைத்தேன். ஆனால் வலப்பக்கக் காலைக் கொஞ்சம் நீட்டி, இடப்பக்கத்தைக் குறைத்தேன், இல்லாவிட்டால் பின்னால் விழுகிற மாதிரி இருந்தது. | குறி 5 பாகை. / குறியின் ஓட்டத்தைச் சுருக்கி 29 பாகையில் நிறுத்தினேன். \ குறி 21. கட்டம் வரையும் குறிகளைத் தொடவில்லை. சுழியத்துக்குக் கோட்டை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தேன், நிமிர்ந்த வடிவத்திலும் சேர்த்து.

பெயரில் 'இத்தாலிக்' போடவில்லை. ஸ்லாண்டட் என்றே வைத்தேன். லெட்டர் காத்திக்கைப் பார்த்துத்தான்.

கையேட்டுக்காரி அக்கா, நீங்கள் சொன்னபடி கட்டளையின் நடுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் சாய்த்து, ஒரு பக்கம் அச்செடுத்தேன். அப்புறம் அதைப் பக்கத்துக் கடையில் மூன்று தடவை, நகலின் நகலாக ஜெராக்ஸ் எடுத்தேன். மூன்றாவது நகலிலும் சாய்ந்த சொல் எது என்று தெரிகிறது. 9.5 பாகையில் அது தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

#24 கையேட்டுக்காரி

தம்பி, அந்த மூன்றாவது நகலை இங்கே ஏற்றுங்களேன். பிள்ளைகளிடம் கொடுத்து எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று கேட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லாமல்தான் கொடுக்கப்போகிறேன்.

#25 பழைய ரிப்பன்

எண்களையும் சாய்ந்த வடிவத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்து ஒரு பட்டியல் ஏற்றுங்கள். 1-உம் 7-உம் பத்து வரி நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறேன்.